சதுப்பு நிலத்துக்கு ஒரு கூலிப்படை

தாளில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். கூலிப்படை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மேலே என் படையின் பெயர்: சதுப்பு நிலத்தார். கீழே ஈட்டிக்காரர்கள் நாற்பது, கவசக்காரர்கள் இருபது, கொடி பிடிப்பவன் ஒருவன், முரசு அடிப்பவன் ஒருவன், தவளை முகம் கொண்ட தலைவன் ஒருவன். எல்லோரும் ஈயப் பொம்மைகள். கட்டைவிரல் உயரத்துக்கு மேல் யாரும் இல்லை. டயர் கடைக்கு மேலே இருக்கும் நீண்ட அறையில், பச்சைத் துணி விரித்த மேசையில், தெர்மோகோல் மலைகளுக்கு நடுவே சனிக்கிழமை மதியங்களில் இவர்கள் போரிடுவார்கள். அளவு நாடாவை வைத்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சாவோம். சங்கத்தில் பன்னிரண்டு பேர். இளையவருக்கு முப்பது வயது, மூத்தவருக்கு அறுபது.

ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் என் மேசையில் ஈட்டிக்காரனைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இந்த வயசுல பொம்மை வச்சு விளையாடுற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

என் தொழில் பல்செட் செய்வது. சங்கத்தில் எனக்குப் பெயரே பல்செட்தான். டாக்டர்கள் எடுத்த அச்சுகள் என் வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டிக்கு வரும். அவற்றில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் நட்டு, தேய்த்து மெருகேற்றி அதே பெட்டியில் வைப்பேன். எடுத்துப்போகிறவர் மணியடிப்பார். நான் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கியிருப்பார். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் வாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் பேசாது. சில வெள்ளிக்கிழமைகளில் என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, கையிலிருக்கும் தாடையிடம் "வணக்கம்" என்று சொல்லிப் பார்ப்பேன்.

சனிக்கிழமை பேசுவேன். அவ்வளவுதான். வேறு நாள் கிடையாது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் போர்த்தொடர் எட்டு மாதம் நடக்கும். பட்டியல் தாளைச் சனிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். கூலிப்படை இல்லாத தாளை வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் வரைபடத்தில் இடம் இல்லை. எட்டு மாதச் சனிக்கிழமைகள் இல்லை.

விதியை எழுதியது அக்கா. கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவர், எங்கள் எல்லோருக்கும் அக்கா. நடுவரும் அவரே, வரைபடம் வரைகிறவரும் அவரே. முன்பெல்லாம் கையில் வசதி உள்ளவர்கள் கடையிலிருந்து நல்ல கூலிப்படையாகப் பார்த்து வாங்கி வந்து ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். அது சலித்துப்போய் அக்கா புது விதி போட்டார். கூலிப்படையை விலைக்கு வாங்கக் கூடாது, சங்கத்தில் இன்னொருவரிடம் இரவல் கேட்க வேண்டும். கொடுத்தவர் சும்மா கொடுத்துவிட்டுப் போக முடியாது. அந்தப் படையின் தளபதியாக வந்து, கேட்டவரின் பக்கத்தில் நின்று, அதன் பகடையை அவரேதான் உருட்ட வேண்டும். ஒருவர் ஒருவருக்குத்தான் கொடுக்கலாம்.

"கூலிப்படைன்னா பொம்மை இல்லப்பா, ஆள்" என்பார் அக்கா.

நான் அதைப் பொம்மைகளாகவே நினைத்து மூன்று வாரம் கணக்குப் போட்டேன். என் சதுப்பு நிலத்தார் மெதுவாக நடப்பவர்கள். நின்ற இடத்தில் நின்றால் அசைக்க முடியாது, ஆனால் தூரத்திலிருந்து அடிக்கத் தெரியாது. மீசையின் ஓநாய்ப்படை வேகமானது. மீசை என்று நாங்கள் கூப்பிடுபவர் பஸ் ஓட்டுகிறவர். ஆனால் அந்த ஓநாய்கள் தோற்றால் சொந்தப் படையை மிதித்துக்கொண்டு ஓடும். தையல்காரரிடம் இரண்டு ராட்சதர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுக்குப் பசிப் பகடை உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் பக்கத்தில் நிற்பவனைத் தின்றுவிடுவார்கள். பக்கத்தில் நிற்பது என் ஈட்டிக்காரனாகத்தான் இருப்பான். அக்காவின் தீக்காரிகள் ஈர நிலத்தில் பாதிதான் எரிவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம். நான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

கடைசியில் ஓநாய்கள் என்று முடிவு செய்து பஸ் டிப்போவுக்குப் போனேன். மீசை தன் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்குய்யா ஓநாய்? உன் ஆளுங்க நடந்து வந்து சேர்றதுக்குள்ள என் ஓநாய்க்கு வயசாயிடும்."

"அதனாலதான் கேக்குறேன். எங்கிட்ட வேகம் இல்ல."

"டெய்லர்கிட்டக் குடுத்துட்டேனே. அவன் ராட்சதங்க ரெண்டையும் எனக்குக் குடுத்துட்டான். மாத்திக்கிட்டோம்."

"எப்போ?"

"அது ஆச்சு ஒரு மாசம்." கண்ணாடியின் அதே இடத்தை மறுபடி துடைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்படியே மிச்சம் இருந்தாலும் உங்கிட்டக் குடுக்கப் பயமாத்தான்யா இருக்கு. என்ன கலர்ல திரும்பி வருமோ!"

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் பல்லைக் காட்டினேன். டிப்போவை விட்டு வெளியே வந்து வெகுநேரம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

அந்தக் கலர் விஷயம் நடந்து பதினாலு மாதம் ஆகிறது.

போன போர்த்தொடரில் எனக்குக் கூலிப்படை கொடுத்தவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். எங்கள் இருவருக்கும் அதனாலேயே ஒத்துப்போனது. என் பக்கத்தில் நின்று, மணிக்கு நாலு வார்த்தை பேசி, பகடையை மெதுவாக உருட்டுவார். அவருடையது இருபத்து நாலு குறுக்குவில் வீரர்கள். தொடர் முடிந்தபோது, "உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி, அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்றார்.

வீட்டில் அவர்களை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பூச்சு மோசமாக இருந்தது. நகப்பூச்சுப் பிரஷ்ஷால் பூசியதுபோலத் தடிமனாக, கட்டிகட்டியாக, முகம் எது கைப்பிடி எது என்று தெரியாமல். லிஃப்ட்காரருக்குக் கை முரடு என்று நினைத்தேன். எனக்கு நன்றாக வருவது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்து கொடுப்போம் என்று தோன்றியது. அவரைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் ஆச்சரியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். பூச்சை உரிக்கச் சங்கத்துக்குக் கீழே இருக்கும் டயர் கடையில் பிரேக் ஆயில் வாங்கி வந்து, இருபத்து நாலு பேரையும் இரண்டு நாள் ஊறப்போட்டேன். பூச்சு தோலாக உரிந்து வந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பதினேழு நாள் உட்கார்ந்து புதிதாகப் பூசினேன். கண்ணிமைக்குக்கூட நிழல் வைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தேன். மீசை விசிலடித்தார். லிஃப்ட்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு" என்றார். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் வரவில்லை.

காரணத்தை அக்கா ஒரு மாதம் கழித்துச் சொன்னார். பூசியது அவர் மனைவி. கண் நரம்பு கெட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த வருடத்தில், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க முடியாமல், ஒவ்வொன்றாகப் பூசியிருக்கிறார். இப்போது சுத்தமாகப் பார்வை இல்லை. பூச்சின் மேடுபள்ளத்தை வைத்து ஒவ்வொருவனையும் விரலால் அடையாளம் சொல்வாராம். லிஃப்ட்காரர் நான் செய்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை அலமாரியில் வைத்திருக்கிறார். அந்த அம்மாவே எடுத்து, முதல் பொம்மையைத் தடவிவிட்டு, "இது நம்மளது இல்லையே" என்றிருக்கிறார்.

போன் செய்தேன். "பரவாயில்ல தம்பி" என்று சொல்லி லிஃப்ட்காரர் வைத்துவிட்டார். நேரில் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதால் என்னைத் திட்டக்கூட முடியாது. திட்டாத ஒருவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

டிப்போவிலிருந்து வந்த மறுநாள் அக்காவின் கவுண்டருக்குப் போனேன். பார்சல் ஒன்றுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பத்துப் பேர் தங்களுக்குள்ளயே மாத்திக்கிட்டாங்க" என்றார். "மிச்சம் நீயும் அவரும்தான்."

"எங்கிட்ட யாரும் கேக்கவும் இல்லக்கா."

அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எனக்காக ஒரு தடவை விதிய…"

"உனக்காகத் தளர்த்தினா, நாளைக்கு மீசை வந்து நிப்பான், எனக்கு ட்ராகன் வேணும்னு. அவனைத் தெரியும்ல?" குரலைத் தணித்தார். "அவர் இன்னும் பேரை எடுக்கல. வருஷச் சந்தாகூடக் கட்டியிருக்காரு. ஏன் கட்டினாருன்னு யோசி. போய்க் கேளேன்டா. கடிச்சுத் தின்னுடவா போறாரு?"

அந்த "ஏன்" என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு நாளும் பல்செட்டுகளைத் தேய்த்துக்கொண்டே அதையே நினைத்தேன். குறுக்குவில் வீரர்கள் என் படைக்கு வேண்டிய அதே ஆட்கள். தூரத்திலிருந்து அடிப்பவர்கள். ஆனால் இப்போது வில்லைப் பற்றி நினைக்கவில்லை. என் பக்கத்தில் நின்று மணிக்கு நாலு வார்த்தை பேசும் மனிதரை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறினேன். கதவைத் திறந்த லிஃப்ட்காரர் சீருடையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் கதவை முழுக்கத் திறந்து, விலகி நின்றார்.

"பல்செட் வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

ஜன்னலோரமாக நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். "உங்களை நான் பார்த்ததே இல்ல. குரல் சின்ன ஆள் குரலா இருக்கும்னு நினைச்சேன்."

"நான் இன்னும் பேசவே இல்லியே அண்ணி."

"இப்பப் பேசிட்டீங்க. சின்ன ஆளும் இல்ல."

அவர் சிரித்தார். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. வந்த விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னேன். நாளை நாலு மணி, கூலிப்படை, அவர் வந்து நிற்க வேண்டும் என்பது. மன்னிப்பையும் கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதால், ஒன்றுக்காக இன்னொன்றைக் கேட்பதுபோல எனக்கே இருந்தது. கீழே தெருவில் யாரோ ஒரு கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"இவர் உங்களோட ஆடப்போன நாள்ல நல்லாத் தூங்குவார்" என்றார் அண்ணி. "இப்பத் தூங்குறதில்ல."

"விடு" என்றார் லிஃப்ட்காரர்.

"நான் என்ன சொல்லிட்டேன்? போகட்டும்னுதான் சொல்றேன்." என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திருப்பினார், என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசினார். "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அதை அழிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒவ்வொண்ணா கிட்ட வச்சுப் பாத்திருப்பீங்கல்ல?"

"பாத்தேன்."

"அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. இவரைக் கேட்டா 'நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு'ங்கிறார். இவர் பாத்ததே இல்ல. எனக்கும் மறந்துக்கிட்டே வருது. கடைசியா பாத்தது நீங்கதான்."

நான் வாயைத் திறந்தேன். பூசிய ஒவ்வொரு நிறமும் எனக்கு நினைவிருக்கிறது. எந்தச் சிவப்பில் எத்தனை சொட்டுப் பழுப்பு கலந்தேன் என்பதுகூட. உரித்ததைப் பற்றி என்ன நினைவிருக்கிறது?

"ஒருத்தனுக்கு இடுப்புப் பட்டையில சிவப்பு வழிஞ்சிருந்துச்சு" என்றேன். "தொடை வரைக்கும்."

"ஆமா!" என்றார். கையை நாற்காலிப் பிடியில் தட்டினார். "அவனுக்கு அடிபட்டிருச்சுன்னு வச்சுக்குவோம்னு விட்டுட்டேன். அப்புறம்?"

"ஒருத்தனுக்கு ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னது."

"அது நிறைய பேருக்கு" என்று சிரித்தார். "அப்புறம்?"

"ஒருத்தனுக்குக் கண்ணே இல்ல. முகத்துல தோல் நிறம் மட்டும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அவன்தான் கடைசி" என்றார் மெதுவாக. "அப்புறம்?"

அதற்குமேல் ஒன்றும் இல்லை. இருபத்து நாலில் மூன்று. மற்றவர்களை நான் பார்க்கவே இல்லை. அவர்களில் திருத்த வேண்டியது என்ன என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன். அதையும் கழுவியதும் மறந்துவிட்டேன். அண்ணி காத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இன்னும் நாலு பேரைச் சொன்னால் போதும், நாளைக்கு இவர் என் பக்கத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது.

சொன்னேன். ஒருவனுக்குக் காலணியில் மஞ்சள் புள்ளிகள் என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒருவனுக்கு வில்லின் ஓரத்தில் பச்சைக் கோடு என்றேன். "இருக்கும், இருக்கும்" என்றார். முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்கு வாய் சரளமாக வந்தது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பேசியதில்லை.

"ஒருத்தனுக்கு நீலத்துல ஒரு சால்வை. தோள்ல ஆரம்பிச்சு, மடிப்பு மடிப்பா, முதுகு வரைக்கும்…"

அண்ணியின் கை நாற்காலிப் பிடியில் நின்றது.

"எங்கிட்ட நீலமே இல்ல தம்பி" என்றார். "நீல பாட்டில் முதல் நாளே கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. இவர்கூட இன்னொண்ணு வாங்கிட்டு வரேன்னாரு, நான்தான் வேணாம்னேன்."

அது என் நீலம். நான் கலந்தது. சொல்லும்போதே என் கண்முன் நின்றது நான் பூசிய பொம்மைதான்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் எதையோ திரும்ப எண்ணிப் பார்ப்பவர்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ பச்சைக் கோடு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மஞ்சள் புள்ளி?"

லிஃப்ட்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். குளிரவில்லை. சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"கண்ணு இல்லாதவன்?" என்றார் அண்ணி. "அதுவாவது நெசமா?"

"நெசம் அண்ணி. சத்தியமா நெசம்."

"ம்" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. இனிமேல் அவருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையாகச் சொன்ன மூன்றையும் நானே அந்த மற்றவற்றோடு கலந்துவிட்டேன்.

லிஃப்ட்காரர் என்னோடு படி வரை வந்தார். அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியைக் கையோடு எடுத்து வந்திருந்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"எடுத்துக்கிட்டுப் போ தம்பி. இது உன்னோடதுதான்."

"நீங்க வரணும்ணே. நீங்க வந்தாத்தான் செல்லும்."

"நான் வரல."

"நான் சொன்னது தப்புதான். அவங்க சந்தோஷப்பட்டாங்க, அதான்…"

"தெரியும்" என்றார். "நானும் அதைத்தானே பண்ணிக்கிட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு." படிக் கைப்பிடியை ஒரு தொழிலாளி பார்ப்பதுபோல ஆட்டிப் பார்த்தார். "நீயாவது பாத்திருப்பேன்னு இவ்ளோ நாளா அவ நினைச்சுக்கிட்டு இருந்தா. இனிமே அதுவும் இல்ல. அக்காகிட்ட என் பேரை எடுத்துடச் சொல்லிடுறேன்."

பெட்டியை நான் வாங்கவில்லை. அவர் அதை மேல்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு டயர் கடை மாடிக்குப் போனேன். தாளை அக்காவிடம் கொடுத்தேன். காலிக் கட்டத்தைப் பார்த்தார். காலையிலேயே அவருக்குப் போன் வந்திருக்க வேண்டும், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"உக்காருடா" என்றார். "பாக்குறதுக்கு விதி ஒண்ணும் கிடையாது."

சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு அக்கா வரைபடத்தை மேசைமேல் விரித்தார். தளபதிகள் எழுந்து தங்களைக் கேட்டவர்களின் பக்கத்தில் போய் நின்றார்கள். நாற்காலிகள் இழுபட்டன. தையல்காரர், "தள்ளி நில்லுய்யா, உன் மீசை என் பட்டியல்ல படுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் நிலத்தில் கொடி குத்தினார்கள். ஆற்றுக்குத் தெற்கே பெரிய பச்சைத் திட்டு ஒன்று கொடியில்லாமல் நின்றது.

"அக்கா, அந்தச் சதுப்பு வழியா என் ஆளுங்க போலாமா?" என்று கேட்டார் மீசை. என் பக்கம் பார்க்காமல்தான் கேட்டார். இரக்கத்தினால்தான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"போலாம். தடுக்க அங்க யாரும் இல்ல. வேகம் பாதி."

"மழைக்காலச் சுற்றுல கால்வாசி" என்றேன்.

சில பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா விதித்தாளைப் புரட்டினார்.

"ஆமா, கால்வாசி" என்றார். பென்சிலை எடுத்து, அந்தப் பச்சைத் திட்டின்மேல் எழுதினார்.